அம்மாயி விரல்ல 86 காட்டுது, நம்பலாமா?

ஹட்டன் பக்கம் ஒரு தேயிலை தோட்டத்துல இருந்து வந்த கடிதம், பேர் போடாம சுருக்கி சொல்றேன். அம்மாயிக்கு 76 வயசு, பைப்படியில வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு ஒடைஞ்சி, முதுகுல ஊசி போட்டு ஒபரேஷன் செஞ்சி மூனு கிழமை ஆச்சி, இப்ப வீட்டுல இருக்காங்க. ஆஸ்பத்திரியில மூனு ராத்திரி செத்துப்போன தாத்தாவ கூப்பிட்டு பேசினாங்களாம், வயரெல்லாம் புடுங்கினாங்களாம், நெஞ்சுல ஒட்டியிருந்த ஸ்டிக்கர எடுக்கையில தோலும் சேந்து வந்துருச்சாம். கொழும்புல வேலை செய்ற அண்ணன் ரத்தத்துல ஒக்சிஜன் நூத்துக்கு எவ்ளோன்னு காட்டுற, விரல்ல மாட்டுற ஒக்சிமீட்டர் ஒன்னு அனுப்பியிருக்கார், அது பகல்ல 95 காட்டுது, ராத்திரியில 85, 86ன்னு காட்டுது. இப்ப பிரஷர், சீனி, ஒக்சிஜன் எல்லாத்தையும் காட்டுற ஸ்மார்ட் வோச் ஒன்னும் வாங்கவான்னு கேக்குறாராம். "86ன்னா பயப்படணுமா? முதுகு ஊசியாலதான் அம்மாயிக்கு புத்தி மாறிச்சா? நான் பேராதனையில இன்ஜினியரிங் படிக்கிறேன், புரொஜெக்டுக்கு வயசானவங்களுக்கு நோவாத சென்சர் ஒன்னு செய்ய ஆசை, செய்யலாமா?"ன்னு தங்கச்சி கேட்டிருக்காங்க.

தங்கச்சி, மொதல்ல அந்த 86அ பாத்துருவோம், ஏன்னா நீங்க ராத்திரி தூங்காம ஒக்காந்திருக்கறது அதுக்காகத்தான்னு கடிதத்துலயே தெரியுது.

அந்த கிளிப்புக்குள்ள ரெண்டு லைட் இருக்கு. ஒன்னு செவப்பு, 660 நானோமீட்டர், இன்னொன்னு கண்ணுக்கு தெரியாத இன்ஃப்ராரெட், 940 நானோமீட்டர். ஒக்சிஜன் நெறைய உள்ள ரத்தம் செவப்பு லைட்ட கொஞ்சமாத்தான் உறிஞ்சும், ஒக்சிஜன் கொறைஞ்ச ரத்தம் அத நெறைய உறிஞ்சும், இன்ஃப்ராரெட்ல இது அப்படியே தலைகீழ். ஆனா விரல்ல ரத்தம் மட்டுமா இருக்கு, தோல், எலும்பு, நகம் எல்லாம் லைட்ட மறைக்குதே. அதுக்கு வழி கண்டுபிடிச்சவர் ஜப்பான்ல தகுவோ அஓயாகின்னு ஒரு இன்ஜினியர், 1970கள் தொடக்கத்துல. நாடி துடிக்கும்போது ரத்தம் மட்டும்தான் கூடி கொறையும், மத்ததெல்லாம் அசையாம அப்படியே இருக்கும், அதனால துடிக்கிற பங்க மட்டும் எடுத்து ரெண்டு லைட்டுலயும் ஒப்பிட்டா போதும்னு அவர் யோசிச்சார். இன்னைக்கி மயக்கமருந்து குடுக்குற எந்த தியேட்டர்லயும் அது இல்லாம நாங்க வேலைய தொடங்கமாட்டோம்.

இப்ப உங்க ராத்திரிக்கு வருவோம். அம்மாயி கை ஜில்லுன்னு இருக்கு, வெளிய மழை, தகரத்துக்கு கீழ காம்பரா முழுக்க குளிர். குளிருக்கு விரல்ல ரத்தக்குழாய் சுருங்கிரும், துடிக்கிற பங்கு நூல் மாதிரி மெலிஞ்சிரும், அப்ப மெஷினுக்கு கேக்கறது நாடி இல்ல, வெறும் இரைச்சல். அந்த இரைச்சல் ரெண்டு லைட்டுலயும் ஒரே அளவா விழுந்தா கணக்குல விகிதம் 1ன்னு வரும். விகிதம் 1க்கு அந்த மெஷின் காட்டுற நம்பர் என்ன தெரியுமா, ஏறக்குறைய 85! அதாவது ஒன்னுமே சரியா கேக்காத ஒக்சிமீட்டரும் 85, 86ன்னு காட்டிக்கிட்டு இருக்கலாம். உங்க கடிதத்துல அந்த நம்பர பாத்ததும் எனக்கு மொதல்ல வந்த சந்தேகம் இதுதான்.

சந்தேகம்தான், முடிவு இல்ல. ஒபரேஷனுக்கு பொறகு வயசானவங்களுக்கு உண்மையாவே ஒக்சிஜன் எறங்குறது சாதாரணமா நடக்குற விஷயம். அமெரிக்காவுல கிளீவ்லண்ட்ல 2015ல வந்த ஒரு ஆய்வுல, இருதய ஒபரேஷன் இல்லாத மத்த ஒபரேஷன் செஞ்ச 833 பேருக்கு ஒக்சிமீட்டர கழட்டாம மாட்டி, நம்பர வோர்ட்ல உள்ளவங்களுக்கு காட்டாம ரெண்டு நாள் பதிஞ்சாங்க. மூனுல ஒருத்தருக்கு மேல ஒரு மணித்தியாலமோ அதுக்கு மேலயோ 90க்கு கீழயே கெடந்திருக்காங்க, அப்படிப்பட்ட நேரத்துல நூத்துக்கு 90 வோர்ட் நர்ஸ்மார் எழுதின பதிவுல இல்லவே இல்ல. அவங்க வேலை செய்யாம இல்லீங்க, நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவ வந்து நோயாளிய எழுப்பி கிளிப்ப மாட்டினா, எழும்பினவங்க நல்லா மூச்சு இழுப்பாங்க, நம்பரும் ஏறிரும், நடுவுல நடந்தது யாருக்கும் தெரியாமலே போயிரும்.

அதனால இப்படி செய்ங்க. அம்மாயிய தலகாணி வச்சி நல்லா நிமித்தி ஒக்கார வைங்க, படுத்தே கெடந்தா நுரையீரலோட அடிப்பக்கம் சரியா விரியாது. கைய ரெண்டு கைக்குள்ள வச்சி தேச்சி சூடாக்குங்க, சுடுதண்ணி போத்தல நேரா தோல்ல வைக்காதீங்க, அந்த தோல் தாங்காது. மருதாணியோ நகப்பூச்சோ இருந்தா அந்த விரல விட்டுருங்க. இன்னொன்னு, அம்மாயி கொழுந்து பறிச்சவங்கன்னு எழுதியிருக்கீங்க, கொழுந்து கறை ஏறி வெடிச்சி தடிச்சிப்போன பெருவிரல்லயும் ஆள்காட்டி விரல்லயும் மாட்டாதீங்க, நான் நம்ம அம்மாமாருக்கு மோதிர விரல்லதான் மாட்டுவேன். மாட்டிட்டு ஒரு நிமிஷம் பொறுங்க. அந்த நேரம் மணிக்கட்டுல உங்க விரல வச்சி நாடிய எண்ணுங்க. நீங்க எண்ணினதும் மெஷின் காட்டுற நாடியும் ஒத்து வரலன்னா அந்த ஒக்சிஜன் நம்பர தூக்கி போடுங்க. ஒத்து வந்து, கையும் சூடா இருந்து, நிமிந்து ஒக்காந்தும் 90க்கு கீழ நின்னா அது உண்மைன்னு எடுத்து 1990க்கு கோல் எடுங்க, சுவசெரிய அம்பியூலன்ஸ் காசு இல்லாம வரும். விடியட்டும்னு பாக்காதீங்க.

நம்ம ஊர் ஒசரத்தையும் மனசுல வைங்க. ஹட்டன் கிட்டத்தட்ட 1270 மீட்டர், அங்க காத்தோட அழுத்தம் கடற்கரைய விட ஏழுல ஒரு பங்கு கொறைவு, 1868 மீட்டர் நுவரெலியாவுல அஞ்சுல ஒரு பங்கு. கொழும்புல 97 காட்டுற ஒருத்தருக்கு இங்க 95 காட்டினா அதுக்காக பதற தேவையில்ல. அண்ணன் கொழும்புல தன் விரல்ல மாட்டி பாத்து "எனக்கு 98, அம்மாயிக்கு ஏன் 95"ன்னு ஃபோன்ல கேட்டா இத சொல்லுங்க.

இந்த மெஷின்ல நான் மனசு நொந்து பேசுற ஒரு கொறையும் இருக்கு. 2020ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு, ஒக்சிமீட்டர் 92ல இருந்து 96 வரைக்கும் நல்லா இருக்குன்னு காட்டின நேரத்துல ரத்தத்த நேரா எடுத்து சோதிச்சி பாத்தாங்க. ஒக்சிஜன் உண்மையில 88க்கு கீழ இருந்தது வெள்ளைக்கார நோயாளிகள்ல நூத்துக்கு 3.6, கறுப்பின நோயாளிகள்ல 11.7. கருத்த தோலுக்கு மெஷின் இருக்குறத விட நல்லா காட்டுதுன்னு அர்த்தம். நம்ம அம்மாயிமார் தோல வச்சி யாரு இத சரி பாத்தாங்க? அதனாலதான் 93 காட்டுது, ஆனா ஆள் மூச்சு வாங்குறாங்கன்னா ஆளத்தான் நம்பணும், நம்பர இல்ல. ஒரு முழு நிமிஷம் போர்வை ஏறி எறங்குறத எண்ணுங்க, சும்மா இருக்கையில 12ல இருந்து 20 சரி, 25 தாண்டினா ஆஸ்பத்திரிக்கு போகணும். ஒதடு நீலிச்சா, நெஞ்சு நொந்தா, ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீர்னு வீங்கி நொந்தாலும் போகணும், இடுப்பு ஒடைஞ்சவங்களுக்கு கால்ல ரத்தம் கட்டி அது நுரையீரலுக்கு போற பயம் கிழமை கணக்கா இருக்கு. ரத்தம் உறையாம இருக்க ஊசியோ மாத்திரையோ குடுத்திருந்தா சொன்ன நாள் வரைக்கும் விடாம குடுங்க.

வோச்ச பத்தி ரெண்டே வார்த்தை. வாங்க வேணாம். தோல குத்தாம சீனி பாக்குற வோச்சோ மோதிரமோ எதுக்கும் தாங்க அனுமதி குடுக்கலன்னு அமெரிக்காவுல மருந்துக்கும் மருத்துவ கருவிக்கும் அனுமதி குடுக்குற எஃப்டிஏ 2024 பெப்ரவரியில வெளிப்படையா எச்சரிக்கை விட்டாங்க. அந்த நம்பர நம்பி சீனி மாத்திரைய கூட்டி கொறைச்சா உயிருக்கே ஆபத்து. அந்த காசுக்கு கையில சுத்துற நல்ல பிரஷர் மெஷின் ஒன்னும், கட்டிலுக்கு பக்கத்துல ராத்திரி எரியிற சின்ன லைட் ஒன்னும், அம்மாயி கக்கூசுக்கு நடக்குற வழிக்கு புடிச்சிக்க ஒரு கம்பியும் போட அண்ணன்கிட்ட சொல்லுங்க. ரெண்டாவது தடவ விழாம பாக்குறதுக்கு ஈடா ஒரு சென்சரும் இல்ல.

இனி அந்த மூனு ராத்திரி.

புத்தி பேதலிக்கல தங்கச்சி. பக்கத்து காம்பராவுல காத்து கருப்புன்னு பேசுறாங்கன்னு எழுதியிருந்தீங்க, திருநீறு பூசினதுல தப்பே இல்ல, ஆனா நடந்ததுக்கு பேர் டெலிரியம், மூளை கொஞ்ச நாளைக்கு தடுமாறிப்போற ஒரு நெலம. முதுகு ஊசி மேல பழி போடாதீங்க. இடுப்பு ஒடைஞ்ச 1600 பேர வச்சி அமெரிக்காவுலயும் கனடாவுலயும் செஞ்சி 2021ல வந்த ஆய்வுல, பாதி பேருக்கு முதுகு ஊசி, பாதி பேருக்கு முழு மயக்கம். டெலிரியம் வந்தது முதல் பாதியில நூத்துக்கு 20.5, மத்த பாதியில 19.7. ரெண்டுலயும் அஞ்சுல ஒருத்தருக்கு. காரணம் ஊசியில இல்ல, நோவு, தூக்கமில்லாமை, தண்ணி வத்துறது, மூத்திரத்துல கிருமி, மலச்சிக்கல், ஒக்சிஜன் கொறைச்சல், தூக்கத்துக்கும் சளிக்கும்னு குடுக்குற சில மாத்திரை, இதெல்லாம் சேந்து வயசான மூளைய அமுக்குது. வீட்டுல ராத்திரி தூங்கட்டும்னு பிரிட்டன் (Piriton) அலர்ஜி மாத்திரைய குடுக்குற பழக்கம் நம்மகிட்ட இருக்கு, அம்மாயிக்கு அத குடுக்கவே வேணாம்.

நான் ஒன்னு சொல்றேன், இத நான் மறக்கவே மாட்டேன். ஒரு ஆஸ்பத்திரியில, பேர் வேணாம், இடுப்பு ஒபரேஷன் முடிஞ்ச ஒரு பாட்டியம்மாவோட ரெண்டு கையயும் துணியால கட்டிலோட கட்டி வச்சிருந்தாங்க. ஒக்சிமீட்டர் அலாம் விடாம அடிக்குது, கிளிப் கீழ தொங்குது. "வயர் புடுங்குறாங்க டொக்டர், சொன்னா கேக்குறாங்க இல்ல"ன்னு நர்ஸ் மிஸ்ஸி சிங்களத்துல சொன்னாங்க, பாவம், நாப்பது பேருக்கு ரெண்டே ரெண்டு மிஸ்ஸி. நான் ஒரு கட்ட அவுத்துட்டு பக்கத்துல நின்னு பாத்தேன். பாட்டியோட பெருவிரலும் ஆள்காட்டி விரலும் போர்வை மேல வேகமா போகுது, ரெண்டு மூனு தடவ கிள்ளுறாங்க, உள்ளங்கையில சேக்குறாங்க, தோளுக்கு மேலால பின்னுக்கு போடுறாங்க. திரும்ப கிள்ளுறாங்க. எங்க அம்மாவும் முப்பது வருஷம் மலைக்கு போனவங்க, அந்த கைய எனக்கு தெரியாதா? அவங்க வயர் புடுங்கல தங்கச்சி, கொழுந்து பறிக்கிறாங்க! கிளிப்பும் வயரும் கொழுந்து பறிக்கிற விரல்ல கெடக்குது, அதான் வழியில மாட்டிக்கிட்டு வருது. டெலிரியத்துல கை எதையாவது கிள்ளிக்கிட்டே இருக்கும்னு பாட புத்தகத்துலயே இருக்கு, அது எந்த கைன்னுதான் அதுல இல்ல. மத்த கட்டையும் அவுத்து, கிளிப்ப எடுத்து காது மடல்ல மாட்டினோம், கையில ஒரு துவாய குடுத்தோம். "என்னம்மா, எத்தன கிலோ ஆச்சி?"ன்னு கேட்டேன். "இன்னும் பேர் போடல"ன்னாங்க, தோட்டத்துல அன்னைக்கி கூலிக்கான பதிவத்தான் பேர்னு சொல்லுவாங்க. அலாம் நின்னுச்சி.

உங்க அம்மாயிக்கு என்ன நடந்திருக்கும்னு எனக்கு இதுல இருந்து கொஞ்சம் ஊகிக்க முடியுது. கண்ணாடி பேக்குக்குள்ள இருந்திருக்கும். சுத்தி பேசுற பாஷை முழுசா புரிஞ்சிருக்காது. ராத்திரி பகல் தெரியாம லைட் எரிஞ்சிருக்கும். டெலிரியம் இருக்கான்னு பாக்க கேக்குற கேள்விகளே நம்மவங்களுக்கு பொருந்துறதில்ல, பொறந்த திகதி என்ன, இது எந்த வருஷம்னு கேப்பாங்க, அடையாள அட்டையில யாரோ எழுதின திகதிதான் அவங்க பொறந்த திகதி, வருஷத்த கேட்டா தோட்டத்து ஆட்கள இந்தியாவுக்கு அனுப்புற 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு பொறகு சொந்தக்காரங்க கப்பல் ஏறின காலத்துல இருந்து எண்ணி சொல்லுவாங்க. அவங்க பாஷையில, அவங்க கணக்குல கேட்டாத்தான் தெளிவு இருக்கா இல்லையான்னு தெரியும். அதவிட ஆபத்து என்னன்னா சத்தமே போடாம சுருண்டு கெடக்குற டெலிரியம், "நல்லா தூங்குறாங்க"ன்னு எல்லாரும் விட்டுருவாங்க.

இத தடுக்க முடியுமான்னா, ஓரளவுக்கு முடியும். 1999ல ஷெரன் இனூயின்னு ஒரு டொக்டர் அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில 70 வயசு தாண்டின 852 நோயாளிகள வச்சி செஞ்ச வேலை அது. மருந்து ஒன்னும் இல்ல. கண்ணாடிய மாட்டி விடுறது, காது கேக்க வைக்கிறது, எந்த நாள் எந்த எடம்னு சொல்லிக்கிட்டே இருக்கறது, தண்ணி குடுக்குறது, நடக்க வைக்கிறது, ராத்திரி சத்தம் கொறைச்சி தூங்க விடுறது, அவ்ளோதான். நூத்துக்கு 15 பேருக்கு வந்த டெலிரியம் 9.9 ஆச்சி. வீட்டுலயும் இதையேதான் செய்யணும். காலையில கதவ தொறந்து வெளிச்சம் விடுங்க, இஸ்தோப்புல ஒக்கார வைங்க, நோவுக்கு குடுத்த மாத்திரைய நேரத்துக்கு குடுங்க. முழுசா தெளிய சிலருக்கு கிழமை, சிலருக்கு மாசக்கணக்கு ஆகும், பயப்படாதீங்க, ஆனா தெளிஞ்சவங்க திடீர்னு திரும்ப ஒளற ஆரம்பிச்சா அத ஒரு அலாம்னே எடுத்து அன்னைக்கே காட்டுங்க, மூத்திரக்கிருமியோ நுரையீரல் சளியோ பின்னால இருக்கும்.

தோல் கிழிஞ்சது. அந்த ஈசிஜி ஸ்டிக்கர்ல நடுவுல இருக்கறது வெள்ளியும் வெள்ளி குளோரைட்டும், அதுக்கு மேல உப்பு கலந்த ஜெல், ஒடம்புல ஓடுற அயன் (ion, மின்னேற்றம் உள்ள அணு) மின்சாரத்த வயர்ல ஓடுற மின்சாரமா மாத்துறது அந்த எடத்துலதான். அது தோலுக்கு ஒன்னும் செய்யல, செஞ்சது சுத்தியிருக்குற பசை. வயசாக ஆக மேல் தோலுக்கும் கீழ் தோலுக்கும் நடுவுல உள்ள புடிமானம் தட்டையா போயிருது, பசை தோல புடிக்கிற புடி, தோல் ஒடம்ப புடிக்கிற புடிய விட பலமாயிருது. எடுக்கையில ஒரு கையால தோல அமுக்கிக்கிட்டு, ஓரத்துல எண்ணெய் தடவி, மேல இழுக்காம தோலோட படுக்கையா மெதுவா உரிக்கணும். உங்க அம்மாயி புண்ணுல தோல் மடிஞ்சி இருந்தா வெட்டாதீங்க, சுத்தமான தண்ணியால கழுவி மடிப்ப அதே எடத்துல படுக்க வச்சி ஒட்டாத ட்ரெசிங் போட டிஸ்பென்சரியில காட்டுங்க.

புரொஜெக்ட் செய்ங்க, கட்டாயம் செய்ங்க. 2014ல டப்ளின்ல ட்ரினிட்டி கொலேஜ் ஆட்கள் கடையில விக்கிற ரப்பர் பேண்ட எடுத்து, டொலுயீன்னு ஒரு கரைப்பான்ல ஊற வச்சி வீங்க விட்டு, அதுக்குள்ள கிராஃபீன எறக்கி, இழுத்தா மின் தடை மாறுற சென்சர் ஒன்ன செஞ்சாங்க, மூச்சையும் நாடியையும் அதால பதிஞ்சாங்க. கிராஃபீன் எங்க இருந்து வருது, கிராஃபைட்ல இருந்து, பென்சில்ல இருக்குற அதே கரி. நரம்பு நரம்பா மண்ணுக்குள்ள ஓடுற சுத்தமான கிராஃபைட் போகலயிலயும் கஹட்டகஹவிலயும் நம்ம நாட்டுலதான் தோண்டுறாங்க, ரப்பர் கேகாலையில, ரத்தினபுரியில பால் வெட்டுறாங்க. ரெண்டு சாமானும் பக்கத்துலயே கெடக்கு தங்கச்சி.

தோல்ல ஒட்டுற பேச் வேணாம், சட்டைக்கு மேல நெஞ்ச சுத்தி கட்டுற மூச்சு எண்ணுற பட்டியா தொடங்குங்க. வோர்ட்ல எல்லாரும் ஏனோதானோன்னு எழுதுற நம்பர் மூச்சுதான், நெறைய பேர் எண்ணாமலே 18ன்னு போடுவாங்க, ஆனா ஆள் மோசமாகப்போறத மொதல்ல சொல்றதும் அதுதான். சட்டைக்கு மேலன்னா பசை இல்ல, ரப்பர் பால் ஒத்துக்காதவங்களுக்கும் அவ்ளோ பயம் இல்ல. ரப்பர் இழுத்து விட்டா அதே எடத்துக்கு சரியா திரும்பாது, நேரம் போக போக அளவு நகரும், குளிருக்கு மாறும், அத எப்படி சரி செய்றீங்கன்றதுதான் உங்க ஆய்வே. கொழும்பு ஏசி அறையில சோதிச்சி முடிக்காதீங்க, ஜனவரி ராத்திரி லயத்துல போர்வைக்குள்ள சோதிங்க. டொலுயீன் வேலைய புகை உறிஞ்சுற லேப்ல மட்டும் செய்ங்க. எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வராம அம்மாயிக்கோ வேற யாருக்கோ மாட்டாதீங்க, சொந்த பேத்தியா இருந்தாலும். அனுமதி வந்தா மொதல்ல அம்மாயிகிட்ட குடுத்து கட்டிக்கிட்டு ஒரு ராத்திரி தூங்க சொல்லுங்க, அவங்க அவுத்து தூர போட்டா டிசைன் சரியில்லன்னு எழுதிக்கிட்டு திரும்ப தொடங்குங்க, அவங்க மேல தப்பு சொல்லாதீங்க.

அடுத்த கிளினிக் எப்பன்னு எழுதல. அதுவரைக்கும் ஒரு கொப்பியில காலையிலயும் ராத்திரியிலயும் எழுதி வைங்க: கை சூடா இருந்துச்சா, ஒக்சிஜன் எவ்ளோ, நீங்க எண்ணின நாடி, எண்ணின மூச்சு, எத்தன அடி நடந்தாங்க, பேச்சு தெளிவா இருந்துச்சா. டொக்டருக்கு அந்த கொப்பிய குடுங்க, அந்த 86 வந்த ராத்திரிகளையும் மறைக்காம சொல்லுங்க. போகையில அம்மாயியோட கண்ணாடிய பேக்ல போடாதீங்க, மாட்டி விட்டு கூட்டிட்டு போங்க.